கீழ்வீட்டுச் சத்தம்

என் அப்பா ராணுவத்தில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தவர். ஓய்வு பெற்று, புனேயில் வானவடிப் பக்கம் ஒரு ஃபிளாட்டுக்குக் குடிவந்த பிறகும் அவர் பேச்சு வயர்லெஸ் பேச்சாகவே இருந்தது. ஒன்றைச் சொல்வார், நிறுத்துவார், எதிராளி சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டார். நடுவில் நான் குறுக்கே புகுந்தால் கோபம் வந்துவிடும்.

"ஒரு நேரத்துல ஒருத்தருதான் பேசோணும் அம்மிணி. ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசற பட்டனை அமுக்குனா யாருக்கும் கேக்காது" என்பார். புனேவுக்கு வந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கோயம்புத்தூர் 'ஓணும்' மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

அம்மாவைப் பற்றி மட்டும் அவர் எதையும் சொன்னதில்லை. எனக்கு ஒன்றரை வயதிருக்கும்போது அம்மா டைஃபாய்டில் போய்விட்டாள். அப்பா அப்போது வடகிழக்கில் ஏதோ ஒரு மலை உச்சியில் இருந்தார். ஊரிலிருந்து அத்தை வந்து என்னை வளர்த்து ஆளாக்கிவிட்டுத் திரும்பிப் போனார். அம்மா என்று எங்களிடம் மிஞ்சியது ஒரு கல்யாணப் போட்டோதான். அவள் மூக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். குரல் கட்டையா, கீச்சா, இழுத்துப் பேசுவாளா, எதுவும் தெரியாது. பள்ளிக்கூடம் படிக்கும்போது ஒருமுறை தைரியமாகக் கேட்டேன். அப்பா வெகுநேரம் யோசித்துவிட்டு, "நல்லா இருக்கும்" என்றார். அத்தோடு சரி.

அந்த மௌனத்தை நான் சத்தம் போட்டு நிரப்பினேன் என்று வேண்டுமானால் சொல்லலாம். தொண்ணூறுகளில் புனேயின் கேம்ப் பகுதி நடைபாதையில் ராக் கேசட் விற்ற அத்தனை பேருக்கும் என்னைத் தெரியும். அதிலும் அறுபதுகளின் இசை என்றால் எனக்கு உயிர். ஜுரத்தில் கிடப்பவன் கண்ணுக்குச் சுவர் நெளிவது போல கிடார் நெளியும் பாருங்கள், அந்தச் சைக்கடெலிக் ராக். கல்யாணம் பண்ணிக்கொள்ளாத பெண் இதையெல்லாம் கேட்கிறாள் என்று ஊர்ப் பக்கம் ஒரு குறை ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

பாணேர் பக்கம் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கம்பெனியில் எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்தான். மராட்டிக்காரன், நிக்டியில் அவன் அப்பாவின் தொழிற்சாலைக் காலனி வீட்டில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில், சக்கரத்தில் நாடா சுற்றும் ஸ்பூல் டேப் ரெக்கார்டர்களாக வாங்கிக் குவித்து, ஒவ்வொன்றையும் கழற்றிப் பூட்டி உயிர் கொடுப்பான். எங்கள் இருவருக்கும் ஒரே பைத்தியம். வெளிவராத பதிவுகளைத் தேடுவது. அறுபதுகளில் நம் ஊர்களிலும் பையன்கள் குழு சேர்த்து, ஏதாவது ஒரு ஹாலில் பாடிப் பதிந்து, அப்புறம் பாங்க் வேலைக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போய்விட்டார்கள். அந்த ஸ்பூல்கள் எங்காவது பரணில் கிடக்கும். கிடைத்ததில் முக்கால்வாசி வெறும் கூச்சல். ஆனாலும் தேடினோம்.

இரண்டாயிரத்து இரண்டில், ராணுவக் கேன்டீன் அட்டையைப் புதுப்பிக்க அப்பாவின் பழைய காகிதம் ஒன்று தேவைப்பட்டது. அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியை நான்தான் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தேன். அடியில், ஒரு பழைய துணிப் பைக்குள், சின்ன ஸ்பூல் ஒன்று. துணியின் ஒரு பக்கத் தையலை மட்டும் பிளேடால் சுத்தமாக அறுத்திருந்தார்கள். மேலே மையால் எழுதியிருந்தது கரைந்து நீலக் கறையாகிவிட்டிருந்தது. அட்டைப் பெட்டியில் பென்சிலால் ஆங்கிலத்தில் 'டேக் 3', அதாவது மூன்றாம் முறைப் பதிவு, என்றும், அதன் கீழே கிடார் 1, கிடார் 2, டிரம்ஸ் என்றும் எழுதியிருந்தது. பத்து வருஷமாகத் தேடிய வஸ்து என் வீட்டுக் கட்டிலுக்கடியில் இருந்திருக்கிறது.

"என்னப்பா இது?"

அப்பா என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். "கேம்ப்ல குடியிருந்தப்ப கீழ்வீட்டுப் பையனோடது. ஹவுஸ் ஓனர் பையன். நாலஞ்சு பசங்க சேந்து டமடமன்னு அடிச்சுக்கிட்டுக் கெடப்பானுக. வெறும் சத்தம்."

"நான் கேட்டுட்டுத் தரட்டுமா?"

"வேண்டாம்" என்றார். பெட்டியை மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார்.

அவர் காலை நடைக்குப் போயிருந்தபோது நான் அதைத் திருடினேன். வேறு வார்த்தை போட்டு மெழுக விரும்பவில்லை. திருடினேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நிக்டியில் ஸ்பூலை ஏற்றினோம். மிஷினில் நாடா உரசி ஓடும் தலையில் தூசி இருந்தது. துடைக்க எதுவும் கைக்கு அகப்படாமல் அந்தத் துணிப் பையாலேயே துடைத்தேன். இன்றைக்கும் இதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

முதலில் கிடார் மட்டும் வந்தது. அவசரமே இல்லாமல், ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி. பிறகு டிரம்ஸ் சேர்ந்தது. நன்றாக இருந்தது. ஆனால் ஒன்று எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்தது. டிரம்ஸ் எங்கே நிற்கும், எத்தனை அடி விட்டு மறுபடி விழும் என்று என் விரல் மேசையில் முன்கூட்டியே தட்டியது. உலகத்தில் யாரும் கேட்டிராத பாட்டு இது. கூட்டாளி என் விரலைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான்.

பதினோரு நிமிஷம் போன பிறகு வலது ஸ்பீக்கரில் ஒரு பெண் பேச ஆரம்பித்தாள். பாட்டில்லை, பேச்சு. எந்த மொழியும் இல்லாத பேச்சு. ஒவ்வொரு சொல்லும் மூச்சை வெளியே விடாமல் உள்ளே இழுத்துக்கொண்டு முடிந்தது. கொஞ்ச நேரம் பேசுவாள், நிறுத்துவாள். நிறுத்திய இடத்தில் கிடார் மட்டும் கேட்கும், யாரோ அவளுக்குப் பதில் சொல்வது போல. பிறகு மறுபடி பேசுவாள். ஒவ்வொரு தடவையும் அதே சின்னச் சத்தத்தில்தான் ஆரம்பித்தாள். நடுவில் ஓர் இடத்தில் குழந்தை ஒன்று அழுதது. எனக்கு முதுகு சில்லிட்டது. பட்டப்பகல், வெளியே காலனிப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கூட்டாளியின் அம்மா அடுப்படியிலிருந்து கை துடைத்துக்கொண்டே வந்து வாசலில் நின்றார். "பந்த் கர் தே" என்றார் மகனிடம். அணைத்துவிடு என்று. பிறகு என்னைப் பார்த்து மராட்டியில் சொன்னதை அப்படியே சொல்கிறேன். அந்தப் பெண் பேசவில்லை, பேசியதையெல்லாம் திரும்ப விழுங்குகிறாள் என்றார்.

எங்களுக்கு அதுதான் மேதைமையாகத் தெரிந்தது. குரலைப் பின்னோக்கி ஓடவிட்டுக் கலப்பது அந்தக் காலச் சைக்கடெலிக் குழுக்களின் பழக்கம். கேம்ப் பையன்கள் தாமாகவே அதைச் செய்திருக்கிறார்கள்! அழும் குழந்தையையும் சேர்த்திருக்கிறார்களே, என்ன மூளை என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம். கூட்டாளி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆரம்பத்திலிருந்து பதினைந்து நிமிஷத் துண்டு ஒன்றை இன்டர்நெட்டில் போட்டான். ஒரே வாரத்தில் வெளிநாட்டு ஆட்கள் எழுதிக் குவித்தார்கள். யார் அந்தப் பெண்? என்ன மந்திரம் அது? ஒருவர் அந்தப் பதினோரு நிமிஷ முன்னிசையைப் புகழ்ந்து இரண்டு பக்கம் எழுதினார். அவளுக்காக இடம் விட்டுக் காத்திருக்கும் இசை என்றார். இன்னொருவர் இசைத்தட்டாகவே கொண்டுவருகிறேன் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதை ஒரு சி.டி.யில் பதிந்து வாங்கிவந்து ஒரு சாயங்காலம் வீட்டில் போட்டேன். அப்பா பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கீழ்வீட்டுப் பையன்களை அவருக்கு நினைவிருக்கிறதா என்று பார்க்கும் ஆசை. திருட்டை ஒப்புக்கொள்ள அது ஒரு வழியாகவும் இருந்தது.

கிடார் வந்ததும் அவர் பேப்பரை மடித்தார். பெண் குரல் வந்ததும் எழுந்து நின்றார். குழந்தை அழும் இடம் வந்தபோது உள்ளே வந்து, பிளேயரின் பட்டனைத் தேடத் தெரியாமல், சுவரிலிருந்து வயரையே பிடுங்கினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. நான் அதைத் திருட்டுக்கான தண்டனை என்றே எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஆபீசில் கூட்டாளி என் மேசைக்கு வந்தான். முகம் வெளிறியிருந்தது. வெளிநாட்டு ஆள் ஒருவர், அந்தப் பெண் குரலைத் திருப்பி ஓட்டினால் ரகசியச் செய்தி இருக்குமா என்று கேட்டிருக்கிறார். இவனும் முந்தின நாள் சாயங்காலம் வலது பக்கத்தை மட்டும் பிரித்துத் திருப்பி ஓட்டியிருக்கிறான்.

"அக, ஹீ துஜி பாஷா ஆஹே" என்றான். ஏய், இது உன் பாஷை. ஹெட்போனை என் கையில் கொடுத்தான்.

"ஏனுங்க... கேக்குதுங்களா? நான்தான் பேசறேன்."

கொஞ்சம் கட்டைக் குரல். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியையும் மேலே தூக்கிப் பேசுகிற குரல். நான் பேசுவது போலவே இருந்தது.

"கீழ்வீட்டுத் தம்பி டேப்புப் பொட்டியைக் குடுத்துச்சுங்க. ஒரு பக்கம் அவியளோட பாட்டு இருக்குதாமா, இன்னொரு பக்கம் சும்மாத்தான் கெடக்குதாமா. அதுல பேசி அனுப்பறேன். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே ஒண்ணு கேட்டுப்போட்டு, ஓவர் சொல்லி நிறுத்திக்கறேன். அந்த எடத்துல நீங்க பேசிப் பதிஞ்சு திருப்பி அனுப்புங்க. அப்பறம் போட்டுக் கேட்டா ரெண்டு பேரும் நேர்ல பேசறாப்பல இருக்கும். ஓவர்."

நான் முடித்துவிட்டேன், இனி நீ பேசு என்பதற்கு வயர்லெஸ்காரர்கள் சொல்லும் 'ஓவர்'. பிறகு வெற்று நாடாவின் இரைச்சல். அப்பாவுக்காக விட்ட இடம்.

நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். என்ன நடந்திருக்கிறது என்று கூட்டாளி பிறகு காகிதத்தில் வரைந்து காட்டினான். நாடாவின் மேல் பாதியில் பையன்களின் பாட்டு. ஸ்பூலைத் திருப்பிப் போட்டு, கீழ் பாதியில் அம்மாவின் பேச்சு. அந்தக் கால மிஷினில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் கேட்கும். இவனுடைய பெரிய மிஷின் இரண்டு பாதியையும் ஒரே ஓட்டத்தில் படித்திருக்கிறது. பாட்டு நேராக வந்தது, அம்மா தலைகீழாக வந்திருக்கிறாள். இரண்டு பேரும் பட்டனை அமுக்கினால் யாருக்கும் கேட்காது என்று அப்பா சொன்னதுதான் நடந்தது. நான் மேதைமை என்று மெச்சிய குழந்தையின் அழுகை, என் அழுகை.

அன்று வேலை முடிவதற்கு முன்பே வீட்டுக்குப் போனேன். அப்பா எதிரில் உட்கார்ந்து, "அது அம்மாதானே?" என்றேன். அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

"திருப்பிப் போட்டும் எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"கொரல் எப்படிப் போட்டாலும் அதானே" என்றார். பிறகு, "பேசி அனுப்பறேன்னு முன்னாடியே எழுதியிருந்தா. அவ துணியில தெச்சு அனுப்புன பார்சல் மலை மேல வந்து சேந்துச்சு. அங்க போட்டுக் கேக்கறதுக்கு மிஷின் ஏது? லீவுல எடுத்துட்டுப் போயிக் கேட்டுக்கலாம்னு கிட் பேக்ல வெச்சிருந்தேன். பத்து நாள்ல தந்தி வந்துருச்சு" என்றார்.

"அப்புறம் இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடக் கேக்கத் தோணலையா அப்பா?" என் குரல் உயர்ந்துவிட்டது. எனக்குக் கோபம்தான். முப்பது வருஷம் என் அம்மாவின் குரலைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு, நல்லா இருக்கும் என்று மட்டும் சொன்ன மனிதர்.

"கேட்டா பதில் சொல்லோணுமில்ல" என்றார் அப்பா. "அவ பேசி நிறுத்துவா. நான் என்னத்தைச் சொல்றது?"

அதற்கு மேல் எனக்குக் கோபப்படத் தெரியவில்லை. "நான் கேக்கணும்ப்பா. அவ என்னைப் பத்தி ஏதாவது சொல்லியிருப்பா. ஆனா உங்களுக்கு அனுப்பினது அது. நீங்க இல்லாம நான் கேக்க மாட்டேன்" என்றேன். சொன்னபடியே முதல் துண்டுக்கு மேல் நான் கேட்கவும் இல்லை. அப்பா சரி என்று சொல்ல மூன்று வாரம் ஆனது.

இதற்கிடையில் வெளிநாட்டு ஆளுக்கு எழுதினேன். பையன்களின் பக்கத்தை மட்டும் தருகிறேன், பெண் குரல் வராது என்று. அவள் இல்லாவிட்டால் அது நாலு பையன்கள் போடும் வெறும் சத்தம்தான் என்று பதில் வந்தது. அப்பா சொன்ன அதே வார்த்தை. கூட்டாளிக்கு வருத்தம்தான், காட்டிக்கொள்ளவில்லை. இன்டர்நெட்டில் போட்ட துண்டை அவன் எடுத்துவிட்டான். ஆனால் அதற்குள் பிரதி எடுத்தவர்கள் எடுத்துவிட்டார்கள். பல வருஷம் கழித்துக்கூட ஏதோ ஓர் இசைப் பட்டியலில் 'பெயர் தெரியாத பெண்' என்று பார்த்தேன். எங்கோ யாரோ ஹெட்போன் மாட்டிக்கொண்டு என் அம்மா பின்னோக்கிப் பேசுவதைக் கேட்டு முதுகு சில்லிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு வழி செய்தவள் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டாளி அந்த மிஷினை வேனில் போட்டு நிக்டியிலிருந்து வானவடிக்குக் கொண்டுவந்தான். ஸ்பூலைத் திருப்பி ஏற்றி, பாட்டு வரும் பக்கத்தின் சத்தத்தை அடியோடு குறைத்து, எந்தப் பட்டன் எதற்கென்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டான். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்தார். நான் தரையில் உட்கார்ந்தேன்.

முதல் 'ஓவர்' வந்தது. நாடா இரைந்துகொண்டே ஓடியது.

"அங்க குளுருதுங்களா? நீலக் கலர் ஸ்வெட்டரு வந்து சேந்துதுங்களா? ஓவர்."

அப்பா தொண்டையைக் கனைத்தார். "வந்துச்சு. கைதான் கொஞ்சம் நீளம். மடிச்சு விட்டுக்கிட்டேன்" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏனென்றால் அவர் முடிக்கும்வரை பொறுத்திருந்து, முடித்ததும்தான் அம்மா அடுத்ததைப் பேசினாள்.

அரிசி, குழாய்த் தண்ணீர், அத்தையின் கடிதம் என்று போனது. ஒவ்வொன்றுக்கும் அப்பா ரெண்டொரு வார்த்தை சொன்னார். ஓரிடத்தில் நான் வீறிட்டு அழுதேன். அம்மா சிரித்தாள்.

"இந்தப் பாப்பா கீழ்வீட்டுப் பசங்க அடிச்சாத்தான் தூங்குதுங்க. அவிய நிறுத்துனா எந்திரிச்சுக்குது. ஒரே பாட்டைத் தெனம் போட்டு அடிக்கறானுக, அதுல இதுக்கு என்ன சொகமோ! இதை யாருகிட்டச் சொல்றது? ஓவர்."

என் விரல் நிக்டியில் ஏன் தட்டியது என்று எனக்குப் புரிந்தது. அப்பா முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் அப்படியேதான் இருக்குது உம் புள்ள. சத்தத்துலயேதான் கெடக்குது" என்றார் மிஷினிடம்.

"ரெண்டு நாளா ஒடம்பு சுடுதுங்க. ஒண்ணுமில்ல, பயந்துக்காதீங்க. நீங்க எப்ப வர்றீங்க? ஓவர்."

அப்பா வாயைத் திறந்தார். கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். விட்ட இடம் தீர்ந்துபோனது.

"செரி, அவ்வளவுதானுங்க. மிச்சம் இருக்கற டேப்பு பூரா உங்களுக்குத்தான். நீங்க எழுத மாட்டீங்க, எனக்குத் தெரியும். பேசவாச்சும் செய்யுங்க. ஓவர்."

அதற்குப் பிறகு அவள் குரல் இல்லை. ஸ்பூலில் பதினோரு நிமிஷம் மீதி இருந்தது. மறுபக்கத்திலிருந்து கேட்டவர்கள் நீண்ட முன்னிசை என்று வியந்த அதே பதினோரு நிமிஷம். ஒருவர் சொன்னது சரிதான், அது இடம் விட்டுக் காத்திருந்தது. யாருக்காக என்பதில்தான் தவறு.

"தந்தி வந்த அன்னைக்கு நான் டூட்டியில இருந்தேன் புள்ள" என்று அப்பா மிஷினைப் பார்த்து அம்மாவிடம் பேச ஆரம்பித்தார்.

நான் எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கீழே ஸ்கூட்டர்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் பேசியதை நான் பதிவு செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று கூட்டாளி பிறகு கேட்டான். எனக்கு அனுப்பியது இல்லையே அது. கண்ணாடி வழியாக அவர் உதடு அசைவதும் கை அசைவதும் மட்டும் தெரிந்தன. என் வாழ்நாளில் அவர் அத்தனை நேரம் ஒரே மூச்சில் பேசி நான் பார்த்ததில்லை.

ஸ்பூல் மெலிந்துகொண்டே வந்து, நாடா தீரப் போகிறது என்று தெரிந்ததும் கதவைத் திறந்தேன். அப்பா முடித்துவிட்டிருந்தார்.

"ஓவர்" என்றார்.

நாடாவின் நுனி கழன்று சுழன்று மிஷினில் தட்டத் தொடங்கியது. நிறுத்த நான் கையை நீட்டினேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் சத்தத்தைக் கூட்டி, ஸ்பீக்கரில் காதை வைத்து, அவள் பேசட்டும் என்று காத்திருந்தார்.